மலையேறக் கிளம்பும் முன்: கொழும்பு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

சிவனொளிபாதமலை சீசன் நெருங்கினாலே கேள்விகள் குவியத் தொடங்கிவிடும். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ஒரே வரி. கேள்விகளும் அப்படித்தான் வந்தன.

ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் ஹோர்ட்டன் சமவெளியில் கூடாரம் அடித்து ஒரு இரவு தங்க ஆசைப்படுகிறோம். டிக்டொக்கில் பார்த்த மாதிரி உலக முடிவுக்குப் பக்கத்திலேயே தங்க முடியுமா? (வெள்ளவத்தை)

முடியாது. ஹோர்ட்டன் சமவெளி 1988இலிருந்து தேசிய பூங்கா. கண்ட இடத்தில் கூடாரம் அடிப்பது சட்டப்படி குற்றம். அதை விடுங்கள், உலக முடிவில் நிலம் சுமார் 870 மீற்றர் செங்குத்தாக விழுகிறது. பனிமூட்டம் இறங்கிய இரவில் சிறுநீர் கழிக்கக் கூடாரத்தை விட்டு வெளியே வருபவனுக்கு விளிம்பு எங்கே என்று தெரியாது. அந்த வீடியோக்களில் இதையெல்லாம் காட்ட மாட்டார்கள்.

பூங்காவுக்குள் இரவு தங்குவதென்றால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் ஒதுக்கிய முகாம் இடங்களில், முன்பதிவு செய்துதான் தங்க வேண்டும். திணைக்களத்தின் தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில். கொள்ளுப்பிட்டியில் 177 பஸ் ஏறினால் பத்தரமுல்லையில் இறங்கலாம். நேரில் போய் விசாரிப்பதே நல்லது. எந்த இடம் காலி, எங்கே தண்ணீர் இருக்கிறது, எத்தனை மணிக்குள் வாயிலைத் தாண்ட வேண்டும் என்று அங்கேயே கேட்டுவிடலாம்.

பலர் இங்கே ஒரு குழப்பம் செய்கிறார்கள். நக்கிள்ஸ் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழ் இல்லை. அது வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் காடு. ஒரு திணைக்களத்தின் அனுமதிச்சீட்டை மற்றதன் வாயிலில் நீட்டிப் பயனில்லை. எந்த மலை யாருடையது என்று பார்த்துவிட்டு லீவு போடுங்கள். போயாவோடு ஒட்டி வரும் நீண்ட விடுமுறை என்றால் பதிவை மாதக் கணக்கில் முன்னதாகச் செய்ய வேண்டியிருக்கும்.

அப்புறம், ஹோர்ட்டன் வாயிலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட் உறை, தண்ணீர்ப் போத்தலின் லேபிள் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிடுவார்கள். உறையின் வாசனைக்கு மரைகள் வந்து அதையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றன என்பதுதான் காரணம். சாப்பாட்டை வீட்டிலேயே டப்பாவில் போட்டுக்கொண்டு போனால் வரிசையில் நின்று பிய்க்க வேண்டியதில்லை.

அங்கே உண்மையிலேயே அவ்வளவு குளிரா? ஒரு பெட்ஷீட் போதாதா? (கொட்டாஞ்சேனை)

போதவே போதாது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும். ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே. கொழும்பில் இரவு 25 பாகை என்றால் அங்கே பன்னிரண்டு பாகைக்கு வந்துவிடும். ஜனவரி, பெப்ரவரியில் மேகமில்லாத இரவில் இன்னும் கீழே போகும். விடியும்போது புல் மேல் வெள்ளை உறைபனியைக் காணலாம்.

ஸ்லீப்பிங் பேக் வாங்கப் பணம் சேர்ப்பவர்கள் அடியில் விரிக்கும் மெத்தையை மறந்துவிடுகிறார்கள். உடம்புச் சூட்டைத் தரைதான் அதிகம் உறிஞ்சும். தடித்த ஃபோம் பாய் ஒன்று அவசியம். ஏறும்போது வேர்த்த பருத்தி டீஷர்ட்டோடு தூங்காதீர்கள். உலர்ந்த உடையொன்றைப் பொலித்தீன் அல்லாத நீர்புகாப் பையில் தனியே வையுங்கள்.

என் மகனுக்கு 19 வயது. நண்பர்களோடு ஆற்றங்கரையில் முகாம் போடப் போகிறானாம். வேண்டாம் என்றால் கேட்க மாட்டான். என்ன சொல்லி அனுப்புவது? (வத்தளை)

அக்கா, போக வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆற்றங்கரையில் வேண்டாம் என்று சொல்லுங்கள். என்னிடம் வரும் கேள்விகளில் எனக்குப் பயம் தருவது இது ஒன்றுதான். சிறுத்தையோ பாம்போ அல்ல.

மலையாற்றில் தண்ணீர் ஏறுவதற்கு நீங்கள் இருக்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டியதில்லை. பத்துக் கிலோமீற்றர் மேலே கொட்டினால் போதும். இரவு ஒரு மணிக்கு கணுக்கால் ஆழமாக இருந்தது அரை மணியில் மார்பளவாகும். அதற்கு முன் சில அறிகுறிகள் தெரியும்: தெளிந்த நீர் கலங்கும், இலையும் சுள்ளியும் மிதந்து வரும், சத்தம் தடிக்கும். தூங்குபவனுக்கு இவை எதுவும் தெரியாது. மின் உற்பத்தி நீர்த்தேக்கங்களுக்குக் கீழே இருக்கும் ஆறுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வான்கதவு திறந்தால் வெயில் நாளிலும் வெள்ளம் வரும். ஆற்றின் நடுவில் இருக்கும் மணல் திட்டு படத்துக்கு அழகாக இருக்கும், கூடாரத்துக்கு அதைவிட மோசமான இடம் இல்லை.

அடுத்தது மண்சரிவு. 2025 நவம்பர் டித்வா புயலில் மலையகம் என்ன பாடுபட்டது என்று எல்லோருக்கும் தெரியும். சரிந்த சரிவுகள் அடுத்த மழையிலும் சரியக்கூடியவை. பழைய வரைபடத்தில் இருக்கும் பாதை இப்போது இருக்கும் என்று நம்ப முடியாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழைக் காலங்களில் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும். மகன் போகும் பிரிவுக்கு மஞ்சள் இருந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். சிவப்பு என்றால் அங்கே வசிப்பவர்களே வெளியேறும் நேரம்.

அவனிடம் மூன்றே விஷயம் கேட்டு எழுதி வாங்குங்கள்: எந்த ஊர், யாருடைய காணி அல்லது யாருடைய அனுமதி, திரும்பி வரும் மணி. சொன்ன மணிக்குப் பிறகு எவ்வளவு நேரம் பொறுத்து நீங்கள் பொலிஸுக்கு அழைப்பீர்கள் என்பதையும் அவனிடமே சொல்லிவிடுங்கள். பொலிஸின் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸுக்கு 1990 ஆகிய இலக்கங்கள் அவன் போனில் மட்டும் இருந்தால் போதாது, ஒரு கடதாசியிலும் இருக்கட்டும்.

அட்டைக்குப் பயந்தே மலைப்பக்கம் போகாமல் இருக்கிறேன். (கல்கிசை)

அட்டையால் யாரும் சாகவில்லை. ஈர இலைச்சருகின் மேல் ஒரு நூல் துண்டு எழுந்து நின்று காற்றில் ஆடுகிறதா, அதுதான். நீங்கள் நின்றால் உங்களை நோக்கிக் குட்டிக்கரணம் போட்டு வரும். ஆகவே ஈரக்காட்டில் படம் எடுக்கவோ சப்பாத்துக் கயிறு கட்டவோ நிற்காதீர்கள். பாறை மேலோ வெயில் படும் இடத்திலோ நில்லுங்கள்.

நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை தைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கிறார்கள், தையல்காரரிடம் பழைய பெட்ஷீட் கொடுத்தாலும் வேலை முடியும். கால்சட்டையை அதற்குள் செருகி மேலே இறுக்கிக் கட்டுங்கள். வெளிப்புறத்தில் சவர்க்காரத்தை உலர்வாகத் தேய்த்துவிட்டால் ஏறத் தயங்கும். மழை வந்தால் மறுபடி தேய்க்க வேண்டும்.

கடித்துவிட்டால் இழுக்காதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள். மெல்லிய முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தைப் படுக்கவைத்துத் தள்ளினால் பிடி விட்டுவிடும், உடனே மறுமுனையையும் தள்ளிச் சுண்டிவிடுங்கள். அதன் எச்சிலில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால் சிறு காயத்திலிருந்தும் நெடுநேரம் வழியும். கழுவி, அழுத்திப் பிடித்து, பிளாஸ்டர் ஒட்டுங்கள். இரண்டு நாள் அரிக்கும். சொறியாமல் இருப்பதுதான் கஷ்டம்.

நல்ல விலை கொடுத்து வாங்கிய மலையேறும் சப்பாத்து. மூன்று வருடம் பெட்டியிலேயே இருந்தது. நடக்கத் தொடங்கிய அரை மணியில் அடிப்பாகம் முழுதாகக் கழன்றுவிட்டது. ஏமாற்றப்பட்டேனா? (தெஹிவளை)

அநேகமாக இல்லை. மேலுக்கும் ரப்பர் அடிக்கும் இடையில் இருக்கும் மெத்தைப் பகுதி பல சப்பாத்துகளில் பொலியூரித்தேனால் ஆனது. காற்றின் ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். கடலோரத்தில் இருந்துகொண்டு மூடிய பெட்டியில் வைத்தால் கேட்கவா வேண்டும். பசை போட்டு ஒட்டியும் பிரயோசனமில்லை, ஏனென்றால் உள்ளே இருப்பது மாவாகிவிட்டது. அடுத்த தடவை கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் பெருவிரலால் அந்தப் பகுதியை அழுத்திப் பாருங்கள். வெடிப்போ பொடியோ தெரிந்தால் போட வேண்டாம். அடிக்கடி போட்டு, காற்றோட்டமாக வையுங்கள். பையில் ஒரு சுருள் அகலமான பிசின் நாடா இருந்தால் கழன்ற அடியைச் சுற்றிக் கட்டி வீடு வந்து சேரலாம்.

வழி தவறினால் ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கினால் ஊர் வரும் என்று அப்பா சொல்வார். சரியா? (மட்டக்குளி)

சமவெளியில் சரி. நம் மலைகளில் ஓடை ஊருக்குப் போகும் முன் நீர்வீழ்ச்சிக்குப் போகும். வழுக்குப் பாறையில் ஒரு பத்து மீற்றர் இறங்கியவர் கீழேயும் போக முடியாமல் மேலேயும் ஏற முடியாமல் மாட்டிக்கொள்வார். ஓடைச் சத்தத்தில் அவர் கூப்பிடுவதும் கேட்காது.

பாதை தெரியவில்லை என்ற நிமிடமே நில்லுங்கள். கடைசியாகப் பாதை தெரிந்த இடத்துக்கு வந்த வழியே திரும்ப முடிந்தால் திரும்புங்கள். முடியாவிட்டால் அங்கேயே இருங்கள். பனிமூட்டம் ஒரு மணி நேரத்தில் விலகவும் கூடும். சிக்னல் மங்கலாக இருந்தால் அழைப்பை விட குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு அதிகம். இருக்கும் இடத்தின் ஆள்கூறுகளை அனுப்பிவிட்டு பற்றரியைச் சேமியுங்கள். ஒரு விசில் வைத்திருங்கள், மூன்று மூன்றாக ஊதுங்கள்.

இந்த நிலைக்கு வராமல் இருக்க ஒரு வழி, திரும்பும் மணியை ஏறும் முன்னரே முடிவு செய்வது. இங்கே வருடம் முழுவதும் ஆறு ஆறரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், காட்டுக்குள் அதற்கும் முன்பே இருட்டிவிடும். நான் பகல் பன்னிரண்டு என்பேன். உச்சி கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும் பன்னிரண்டுக்குத் திரும்ப வேண்டும்.

வயது 54. சீசன் இல்லாத மாதத்தில், கூட்டமில்லாமல் சிவனொளிபாதமலை ஏறலாமா? காலிமுகத்திடலில் தினமும் நடக்கிறேன். (பம்பலப்பிட்டி)

சீசன் டிசம்பர் மாதப் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை. மற்ற மாதங்களில் விளக்கு இல்லை, தேநீர்க் கடைகள் இல்லை, தென்மேற்குப் பருவக்காற்று உச்சியில் ஆளையே தள்ளும். கூட்டம் வேண்டாம் என்றால் சீசனிலேயே போயாவும் வார இறுதியும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை போங்கள்.

காலிமுகத்திடல் தட்டை. நல்லதண்ணிப் பக்கம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். உங்கள் தொடர்மாடியின் படிகளைப் பயன்படுத்துங்கள். எல்லோரும் படியில் ஏறி லிஃப்டில் இறங்குகிறார்கள். நீங்கள் இறங்குவதையும் படியிலேயே செய்யுங்கள். மலையில் மூச்சு வாங்குவது ஏறும்போது, முழங்கால் அழுவது இறங்கும்போது. ஐந்து கிலோ அரிசிப் பையை முதுகில் போட்டு ஆறு வாரம் பழகினால் வித்தியாசம் தெரியும். பிரஷரோ சீனியோ இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். ரயிலில் போவதானால் எதுவரை ஓடுகிறது என்று கோட்டை நிலையத்தில் விசாரித்துவிட்டு டிக்கெட் எடுங்கள். டித்வாவில் மலையகப் பாதை பலமாக அடிபட்டது.

ஓடைத் தண்ணீர் குடிக்கலாமா? (கிராண்ட்பாஸ்)

கொதிக்க வைத்துக் குடியுங்கள். 2,000 மீற்றருக்கு மேலே மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடும் நீரை எடுக்கவே வேண்டாம், மருந்தும் உரமும் கொதித்தாலும் போகாது. ஓடையில் குளித்து வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலடித்தால் டாக்டரிடம் அந்தக் குளியலைச் சொல்ல மறக்காதீர்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம்.

நானும் தோழியும் மட்டும். சிங்களம் அவ்வளவாக வராது. எங்கே தொடங்கலாம்? (வெள்ளவத்தை)

பெக்கோ ட்ரெயில். கண்டிப் பக்கம் ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 பகுதிகள். பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகள். ஒரு பகுதியை ஒரு நாளில் நடந்து, இரவு விடுதியிலோ வீட்டுத் தங்குமிடத்திலோ படுக்கலாம், கூடாரம் தேவையில்லை. வழியில் தோட்டத்து மக்களிடம் தமிழிலேயே வழி கேட்கலாம். மழைக்குப் பாதை அடிபட்டிருக்கிறதா என்றும் அவர்களையே கேளுங்கள், அவர்களுக்குத் தெரியாத சரிவு இல்லை. ஒன்று மட்டும்: லயத்து வாசலில் குளிப்பவரையும் துவைப்பவரையும் படம் எடுக்காதீர்கள். அது ஒருவர் வீட்டு முற்றம்.

எங்கள் பொமரேனியனையும் கூட்டிப் போகலாமா? (பத்தரமுல்லை)

தேசிய பூங்காவுக்குள் கூடாது. தோட்டப் பாதையில் கூட்டிப் போகலாம், ஆனால் கயிற்றில் இருக்கட்டும், இருட்டும் முன் உள்ளே இருக்கட்டும். மலையகச் சிறுத்தைகளுக்கு நாய் என்றால் பிடிக்கும். லயத்து நாய்களுக்கு உங்கள் பொமரேனியனைப் பிடிக்காது.