சித்திரையில் குழி தோண்டுங்கள், செடி வேண்டாம்

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் புது வீடு. முன்வாசலில் ஐந்தடி இடம், செம்மண். கத்திரி வெயிலைத் தாங்கும் நாட்டு மரம் ஒன்று சொல்லுங்கள். இந்த வாரமே நட வேண்டும்.

பதில்: மரத்தைச் சொல்கிறேன். ஆனால் இந்த வாரம் நடாதீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் பாதி, சித்திரையில் நட்டு வைகாசியில் காய்ந்த கன்றுகளைப் பற்றியவைதான். வெயிலைத் தாங்கும் என்று நாம் சொல்வது வேரூன்றிய மரத்தை. பைக்குள் இருக்கும் கன்றுக்கு அந்தப் பெருமை இன்னும் வரவில்லை. நம் கரைக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. புரட்டாசிக் கடைசியில் நட்டால் அடுத்த கோடைக்குள் வேர் ஓரளவு கீழே இறங்கிவிடும். இப்போது இரண்டடிக் குழி மட்டும் எடுத்து ஆறப்போடுங்கள்.

ஐந்தடி இடத்துக்குக் காயா. காசான் என்றும் சொல்வார்கள். மெதுவாகத்தான் வளரும். இலை சிறியது, தடித்தது, கோடையிலும் உதிர்ந்து மொட்டையாகாது. பூக்கும் நாளில் கிளையோடு ஒட்டி ஊதாவும் நீலமுமாக மொய்த்துக்கொண்டிருக்கும். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்பது இந்த நிறத்தை வைத்துத்தான். எப்படி வளரும் என்று பார்க்க வேண்டுமானால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போங்கள். அங்கே அதற்கு யாரும் குடம் தூக்குவதில்லை.

கன்று வாங்கும்போது ஆளுயரக் கன்றுக்கு ஆசைப்படாதீர்கள். பையிலேயே நெடுநாள் இருந்ததென்றால் வேர் உள்ளே சுருண்டு கிடக்கும். முழங்கால் உயரக் கன்று போதும். முதல் கோடையில் தினம் ஒரு செம்பு தண்ணீர் தெளிப்பதைவிட மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு குடம் ஊற்றுவது மேல். மேலாக நனைத்தால் வேரும் மேலேயே நின்றுவிடும். அடியில் சருகு மூடாக்கு அரையடி இருக்கட்டும், தண்டை ஒட்டாமல்.

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடலுக்கு அருகில் வீடு. எதை வைத்தாலும் இலை ஓரம் கருகுகிறது. வெயில்தானே காரணம்?

பதில்: வெயில் மட்டும் இல்லை. காற்றில் வரும் உப்பும் காரணம். ஒரு புன்னை இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நடு நரம்பிலிருந்து இரு பக்கமும் சீப்புப் பல் போல நெருக்கமான நரம்புகள் தெரியும். மேலே எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு. தோல் போலத் தடித்த அந்த இலை உப்புக்காற்றுக்குச் சளைக்காது. நெய்தல் பாட்டுகளில் புன்னை நிழல் அத்தனை முறை வருவது சும்மா இல்லை. பொறுமை இல்லை என்றால் பூவரசு. மழைக்காலத்தில் கட்டைவிரல் பருமனில் போத்து வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும். இவற்றுக்கு முன்னால் கடல் பக்கமாக நொச்சியை வேலியாக விட்டால் மற்ற செடிகளும் பிழைக்கும்.

கேள்வி: எங்கள் புங்கமரம் மாசியில் மொத்த இலையையும் கொட்டிவிட்டது. பட்டுவிட்டதா?

பதில்: இல்லை. அதன் வழக்கமே அதுதான். பங்குனியில் தளிர்த்து, சித்திரை வெயில் ஏறுவதற்குள் குடை விரித்துவிடும். கொட்டிய இலையைக் கொளுத்தாமல் அதன் காலடியிலேயே போடுங்கள்.

கேள்வி: மாடியில் நித்தியகல்யாணியும் காகிதப்பூவும் நன்றாக இருக்கின்றன. இவை நாட்டுச் செடிகள்தானே?

பதில்: நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது. காகிதப்பூ தென் அமெரிக்கா. புதுச்சேரி தன் மாநில மலராக வைத்திருக்கும் நாகலிங்கமே தென் அமெரிக்க மரத்தின் பூதான். மாநில மரமான வில்வம் நம்முடையது. அதற்காக உங்கள் செடிகளைப் பிடுங்கி எறியாதீர்கள். அடுத்த தொட்டிக்கு வெட்சி, செம்முள்ளி, பிரண்டை என்று போங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி மட்டும் வேண்டாம். மதியம் மூன்று மணிக்கு அதன் பக்கவாட்டில் கை வைத்துப் பாருங்கள், வேரின் பாடு புரியும்.

கேள்வி: ஆவாரங்கன்று மூன்று முறை வாங்கி நட்டேன். மூன்றும் போயின. நெல்லிக்குப்பம் பக்கம் சாலையோரம் தானாக முளைக்கிறதே?

பதில்: தானாக முளைப்பதால்தான் பிழைக்கிறது. ஆணிவேரை நேரே கீழே இறக்கும் செடி அது, இடம் மாற்றினால் கோபித்துக்கொள்ளும். நானும் இரண்டு கன்றுகளைச் சாகடித்த பிறகே விதைக்கு வந்தேன். காய்ந்த நெற்றை உடைத்து விதையை எடுத்து, கொதி அடங்கிய வெந்நீரில் போட்டு ஓர் இரவு விடுங்கள். உப்பிய விதைகளை நிற்கப்போகும் இடத்திலேயே ஊன்றுங்கள்.

கேள்வி: சிதம்பரம் தலமரமான தில்லையை வீட்டில் வளர்க்கலாமா?

பதில்: வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதற்கு வேண்டியது உப்புச் சேறு, உங்கள் காய்ந்த கொல்லை இல்லை. பிச்சாவரத்தில் படகில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்.