நிரலுக்கு நிறம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரியாக்டில் (இணையப் பக்கம் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) பாடத் தளம் ஒன்று செய்கிறேன். நிரல்களுக்கு நிறம் கொடுக்க பிரிஸம் என்ற நூலகத்தைச் சேர்த்தேன். முதல் பாடத்தில் நிறம் வருகிறது, அடுத்த பாடத்துக்குப் போனால் இல்லை. பக்கம் வரையப்பட்ட பின் ஓடும் யூஸ்எஃபெக்டுக்குள், எல்லா நிரலுக்கும் நிறம் போடும் பிரிஸத்தின் ஹைலைட்ஆலைப் போட்டேன். இப்போது சில பாடங்களில் ‘ரிமூவ்சைல்டு’ பிழை வந்து பக்கமே வெள்ளையாகிறது.

பதில்: பக்கம் லோடு ஆகும்போது பிரிஸம் ஒருமுறைதான் தானாக ஓடும். ரியாக்டில் பாடம் மாறினாலும் பக்கம் மறுபடி லோடு ஆவதில்லை, அதனால்தான் நிறம் வரவில்லை. வெள்ளைப் பக்கத்துக்குக் காரணம் வேறு. ஹைலைட்ஆல், கோட் டேகுக்குள் ரியாக்ட் வைத்த எழுத்தை எடுத்துவிட்டு நிறத்துக்கான ஸ்பான் டேகுகளைப் போடுகிறது. நிரலை ஒரே சரமாகக் கொடுத்த இடங்களில் ரியாக்ட் சமாளித்துவிடும். இரண்டு மூன்று துண்டாகக் கொடுத்த இடங்களில் தான் வைத்த பழைய எழுத்துத் துண்டை (டெக்ஸ்ட் நோடு) நீக்கப் போகும். அது அங்கே இருக்காது, அதனால்தான் ‘ரிமூவ்சைல்டு’ பிழை.

ஆகவே பக்கத்தைத் தொட பிரிஸத்தை விடாதீர்கள். இம்போர்ட்டுக்கு அடுத்த வரியிலேயே பிரிஸம்.மேனுவல் என்பதை ட்ரூ ஆக்குங்கள். பிறகு பிரிஸம்.ஹைலைட்டுக்கு மூன்றைக் கொடுங்கள்: நிரல், அந்த மொழியின் இலக்கணம் (எந்தச் சொல் என்ன வகை என்று பிரிஸத்துக்குச் சொல்லும் விதிகள்), மொழியின் பெயர். அது எச்டிஎம்எல் சரத்தைத் திருப்பித் தரும். அதை யூஸ்மெமோவில் (கணக்கிட்டதை நினைவில் வைக்கும் ரியாக்ட் வசதி) வைத்து, எச்டிஎம்எல்லை அப்படியே பக்கத்தில் போடும் டேஞ்சரஸ்லிசெட்இன்னர்எச்டிஎம்எல் வழியாகக் கோட் டேகுக்குக் கொடுங்கள். ‘லாங்குவேஜ்-’ என்று தொடங்கும் கிளாஸை ப்ரீ, கோட் இரண்டிலும் நீங்களே எழுத வேண்டும்; தீம் (பிரிஸத்தின் நிறக் கோப்பு) அதைப் பார்த்துத்தான் பின்னணி நிறத்தைப் போடுகிறது.

நிரலில் உள்ள ‘<’ குறியை பிரிஸமே மாற்றிக்கொள்ளும். நீங்களும் முன்கூட்டி மாற்றினால் திரையில் ‘&lt;’ என்றே தெரியும். இலக்கணம் ஏற்றப்படாத மொழி வந்தால் ஹைலைட் பிழை எறியும். அப்போது நிரலைச் சாதாரண எழுத்தாக ரியாக்டிடமே கொடுங்கள். டேஞ்சரஸ் வழியில் அப்படியே தள்ளினால், பயனர் எழுதிய ஸ்கிரிப்ட் உங்கள் தளத்தில் ஓடக்கூடும். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

பாடங்கள் அடிக்கடி மாறாதவை என்றால் நிறம் போடும் இன்னொரு நூலகமான ஷிகியைக் கொண்டு, தளத்தை வெளியிடத் தயாரிக்கும் பில்டு நேரத்திலேயே நிறம் போட்டுவிடுவது இன்னும் நல்லது. நிறம் போடும் ஸ்கிரிப்டை உலாவிக்கு அனுப்பவே வேண்டாம்.

கேள்வி: டிஎஸ்எக்ஸ் (டைப்ஸ்கிரிப்டில் எழுதும் ரியாக்ட்) நிரலில் ‘ரீட்ஒன்லி’ போன்ற சொற்களுக்கு பிரிஸத்தில் நிறம் ஏறவில்லை. பிழையும் வரவில்லை.

பதில்: பிரிஸத்தின் மொழிக் கோப்புகளை இம்போர்ட் செய்யும் வரிசையைப் பாருங்கள். ஜேஎஸ்எக்ஸ், டைப்ஸ்கிரிப்ட் இரண்டும் ஏறிய பிறகே டிஎஸ்எக்ஸ் வர வேண்டும். இம்போர்ட்டுகளை அகரவரிசைப்படுத்தும் லின்ட் (நிரலைச் சரிபார்க்கும் கருவி) விதி இருந்தால் டிஎஸ்எக்ஸ், டைப்ஸ்கிரிப்டுக்கு முன்னே போய்விடும். அந்தக் கோப்புக்கு மட்டும் விதியை நிறுத்துங்கள். பிஎச்பி சேர்ப்பவர்கள் அதற்கு முன் மார்க்கப்-டெம்ப்ளேட்டிங் என்ற பிரிஸம் கோப்பை ஏற்ற வேண்டும்.

கேள்வி: நிரலுக்குள் தமிழில் குறிப்பு (கமென்ட்) எழுதினால் அழகாக வருவதில்லை.

பதில்: சில தீம்கள் குறிப்புகளைச் சாய்வெழுத்தாக்கும், தமிழுக்கு அது பொருந்தாது. சிஎஸ்எஸ்ஸில் கமென்ட் டோக்கனுக்கு (குறிப்புக்கு பிரிஸம் இடும் கிளாஸ்) ஃபான்ட்-ஸ்டைல் நார்மல் கொடுங்கள். மோனோஸ்பேஸ் (எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள) எழுத்துருவுக்கு அடுத்து நோட்டோ சான்ஸ் தமிழ் சேர்த்து, லைன்-ஹைட்டை 1.6 என்று எண்ணாகவே வையுங்கள். தமிழ் எழுத்துகள் ஒரே அகலத்தில் வராததால், குறிப்பை வரியின் கடைசியில் ஒட்டாமல் தனி வரியில் எழுதுங்கள்.