ஊருணி மண்டபத்துக்கு சிமெண்ட் வேண்டாம், தம்பி

கானாடுகாத்தான் பக்கத்து ஊருணி மண்டபத்துக்கு மத்திய அரசு மானியம் வந்திருக்கிறது, மதிப்பீட்டில் சிமெண்ட் பூச்சு என்று இருக்கிறது, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரிடம் ஜிஎஸ்டி பில் இல்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் சிமெண்டை நிறுத்துங்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கி செங்கலை அரித்துவிடும். கடுக்காய், கருப்பட்டி சேர்த்த சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த ஊர் நம்முடையது. அதை நம் கையாலேயே கெடுக்கக் கூடாது. ஆனால் வாய்ப்பேச்சில் மாற்றிவிடாதீர்கள். திருத்திய மதிப்பீட்டுக்கு மானியம் தந்த அலுவலகம் எழுத்தில் ஒப்புதல் கொடுத்த பிறகே சாரம் கட்டுங்கள். இல்லையென்றால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியது உங்கள் கமிட்டிதான்.

பில் பெரிய சிக்கல் இல்லை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருப்பவர் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. கூலியை மஸ்டர் ரோலில், அதாவது வேலையாட்களின் வருகையும் கூலியும் எழுதும் பதிவேட்டில், கையெழுத்து வாங்கி வங்கிக் கணக்கில் போடுங்கள். செய்த வேலையைப் பொறியாளர் அளவுப் புத்தகத்தில் எழுதட்டும். மானியப் பணத்துக்கு வரும் வட்டி அரசுக்குரியது, தொடாதீர்கள்.

நிதியாண்டு முடியும் மார்ச் 31 வருகிறது என்று அவசரப்படுத்துவார்கள். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும், நனைத்து நனைத்துக் காக்க வேண்டும். கால நீட்டிப்புக் கடிதத்தை தை மாதமே கொடுத்துவிடுங்கள்.