செப்டம்பரில் வரும் பையன்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினோரு வருடமாகச் சிகாகோவில் இருக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவரோடு ஒருமுறை போய், அப்படியே பேஸ்பால் ஒட்டிக்கொண்டது. இங்குள்ள வைட் சாக்ஸ் அணியின் ரசிகன். 2024-இல் 162 ஆட்டங்களில் 121 தோற்றோம். சீசனின் கடைசியில், செப்டம்பரில், இளம் பையன்களை இறக்கிப் பார்த்தார்கள். கடைசி ஆறில் ஐந்தை ஜெயித்ததும், "பசங்க தேறிட்டாங்க" என்றார்கள் நண்பர்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மூழ்கிப்போன சீசனின் கடைசியில் ஒரு பையனை எப்படி எடைபோடுவது? 2003 டெட்ராய்ட் அணியில் இருபது வயதுப் பிட்சர் (பந்தெறிபவர்) ஒருவரை, அவர் கணக்கில் இருபதாவது தோல்வி வந்துவிடக் கூடாதென்று ஒதுக்கிவைத்தார்களாமே, அது சரியா?

ச.

அன்புள்ள ச,

உங்கள் சந்தேகம் நியாயமானது. அந்த ஐந்து வெற்றிகளும் யாரிடம் வந்தன என்று பாருங்கள். மூன்று, அந்த வருடம் 99 ஆட்டங்கள் தோற்ற ஏஞ்சல்ஸிடம். மீதி இரண்டு, டெட்ராய்ட் டைகர்ஸிடம். டைகர்ஸ் செப்டம்பர் 27 அன்று உங்கள் அணியை வென்று பிளேஆஃப் (சீசன் முடிந்ததும் நடக்கும் கோப்பைச் சுற்று) இடத்தை உறுதிசெய்துவிட்டார்கள். நீங்கள் ஜெயித்த இரண்டும் அதற்கு அடுத்த இரண்டு நாட்கள்.

2003-இலும் இதே கதை. டைகர்ஸ் 119 தோற்றார்கள், அவர்களும் கடைசி ஆறில் ஐந்தை ஜெயித்தார்கள். அந்தச் செப்டம்பர் 27-ஐ என்னால் மறக்க முடியாது. மினசோட்டா ட்வின்ஸ் 8-0 முன்னிலை. டைகர்ஸ் துரத்திப் பிடித்தார்கள். கடைசியில் 46 வயது ஜெஸ்ஸி ஒரோஸ்கோ எறிந்த பந்து கேட்சருக்குப் பிடிபடாமல் ஓட, அலெக்ஸ் சான்செஸ் ஓடிவந்து வெற்றி ரன்னை எடுத்தார். 9-8. அவ்வளவு அடி வாங்கிய பையன்கள் அப்படித் துள்ளியதைப் பார்க்க மனசு நிறைந்தது. ஆனால் ட்வின்ஸ் ஏற்கெனவே லீகில் தங்கள் பிரிவை வென்று பிளேஆஃபுக்குக் காத்திருந்தவர்கள். அந்த ஆட்டத்தை வைத்து யாரையும் எடைபோட மாட்டேன்.

எண்களும் ஏமாற்றும். ஒரு மாதத்தில் நூறு முறை அடிக்க நிற்பவருக்கு 25 ஹிட்டா (பந்தை அடித்து, ஓடி பேஸை எட்டுவது) 30 ஹிட்டா என்பது வாரத்துக்கு ஒரு பந்து தடுப்பவரின் கையுறையை ஒட்டிப் போனதா, அதில் விழுந்ததா என்பதுதான். ஆனால் அந்த ஐந்து ஹிட்டை வைத்து ஒருவரை 'நல்ல ஆட்டக்காரர்' என்றும் இன்னொருவரைச் 'சுமார்' என்றும் சொல்லிவிடுகிறோம்.

நான் பார்ப்பது வேறு. இரண்டு ஸ்ட்ரைக் விழுந்துவிட்டது (மூன்றாவது விழுந்தால் அவுட்), பிட்சர் ஸ்லைடர் போடுகிறார். பந்து நடுவில் வருவதுபோல் வந்து, கடைசி நொடியில் வெளியே வளைந்து மண்ணில் குத்துகிறது. பேட்டரின் முன்கால் ஊன்றிவிட்டது, இடுப்பு திரும்ப ஆரம்பித்துவிட்டது. கை மட்டும் பின்னால் நிற்கிறதா? நின்றால் பையன் பந்தைப் பார்க்கிறான். அடுத்த வாரம் அதே பந்துக்கு மறுபடி நின்றால் இன்னும் நல்லது. அணி பத்து ரன்னில் தோற்றுக்கொண்டிருந்தாலும் அது மாறாது.

உங்கள் அணியிலேயே உதாரணம் இருக்கிறது. 2024 ஜூலையில் டாட்ஜர்ஸ் அணியிலிருந்து வந்த மிகெல் வார்கஸ், 42 ஆட்டங்களில் ஹிட் விகிதம் .104. பத்து முறைக்கு ஒரு ஹிட். முடிந்தது என்றுதான் பலரும் எழுதினார்கள். ஆனால் அவர் பேஸை அடைந்த விகிதம் .217, அதாவது இரு மடங்குக்கும் மேல். அடி விழாத அந்த நாட்களிலும் தப்பான பந்துகளை அடிக்காமல் விட்டுவிட்டு (நான்கு வந்தால் முதல் பேஸ் சும்மா கிடைக்கும்) பேஸுக்கு நடப்பதை அவர் கைவிடவில்லை. 2025-இல் 16 ஹோம் ரன் அடித்தார். மறுபக்கம் பிட்சர் ஷான் பர்க். 2024 செப்டம்பரில் அறிமுகமாகி 19 இன்னிங்ஸில் மூன்றே ரன் கொடுத்தார். அடுத்த சீசனின் முதல் ஆட்டத்தையே அவரிடம் கொடுத்தார்கள். அந்த வருடம் ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, நான்கு ரன்னுக்கு மேல் போனது. மோசமில்லை, ஆனால் செப்டம்பர் காட்டிய ஆள் அவரில்லை.

நீங்கள் கேட்ட பையன் ஜெரமி பாண்டர்மன். இளம் ஆட்டக்காரர்கள் தேறிவரும் மைனர் லீகின் கீழ்த்தட்டிலிருந்து நேராக மேலே கொண்டுவந்தார்கள். 6 வெற்றி, 19 தோல்வி. பிட்சரின் கணக்கில் எழுதப்படும் தோல்வியில் பாதி, அணி ரன் எடுக்காததன் பலன். இருபது என்ற எண்ணுக்குப் பயந்து ஒதுக்கியிருந்தால் அது தப்பு என்பேன். ஆனால் 162 இன்னிங்ஸ் எறிந்த இருபது வயதுக் கைக்கு ஓய்வு கொடுத்தது சரி. எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. 2006 பிளேஆஃபில் யாங்கீஸைத் தொடரிலிருந்து வெளியேற்றிய ஆட்டத்தில் முதல் ஐந்து இன்னிங்ஸ் ஒருவரையும் பேஸுக்கு விடாமல் எறிந்தவர் அதே பாண்டர்மன்.

அவரைப் பற்றிப் பேசும்போது மைக் மரோத்தை விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம். 1980-க்குப் பிறகு ஒரே சீசனில் இருபது தோற்ற முதல் பிட்சர் அவர். 21 தோல்வி. ஆனாலும் தன் முறை வரும்போதெல்லாம் பந்தெறியும் மேட்டில் ஏறி நின்றார். சீசனின் கடைசி ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தவரும் அவர்தான். அன்று தோற்றிருந்தால் 1962 மெட்ஸ் அணியின் 120 தோல்விச் சாதனையை டைகர்ஸ் தொட்டிருப்பார்கள்.

அடுத்த முறை மைதானத்துக்குப் போகும்போது, வலக்கை பேட்டரைக் கவனிப்பதென்றால் முதல் பேஸ் பக்கம் டிக்கெட் எடுங்கள். அவர் மார்பும் கைகளும் உங்களை நோக்கி இருக்கும். கை எப்போது நிற்கிறது என்று அங்கிருந்து தெளிவாகத் தெரியும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.