பூனைகள் அழுகின்றனவா?

கேள்வி: எங்கள் வீட்டுப் பூனையும் எங்கிருந்தோ வரும் ஒரு கடுவனும் மதில்மேல் எதிரெதிராக உட்கார்ந்து, கைக்குழந்தையைப் போல் விடாமல் அழுகின்றன. சண்டையும் போடுவதில்லை, சத்தத்தையும் நிறுத்துவதில்லை. தண்ணீர் ஊற்றிச் சீறலை அடக்கலாமா?

பதில்: உங்கள் கேள்வியில் 'சண்டையும் போடுவதில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் காரணமே அந்தச் சத்தம்தான். பூனையின் பல்லும் நகமும் தோற்றவனை மட்டுமல்ல, வென்றவனையும் புண்ணாக்கிவிடும். ஆகவே கடிக்குமுன் இரண்டும் குரலால் ஒன்றையொன்று அளந்து பார்க்கின்றன. அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் தாழ்ந்து எழும் உறுமல் மெல்ல உயர்ந்து ஊளையாகி, மறுபடியும் உறுமலாக இறங்குகிறது. எதிரியும் அதே போக்கில் பதில் சொல்கிறது. இதற்கு அழுகை என்று பெயரிடுவது அந்த இரண்டு பிராணிகளுக்கும் செய்யும் அநியாயம்.

'சீறல்' என்ற சொல்லைப் பற்றி எனக்கு நெடுநாள் வழக்கு ஒன்று இருக்கிறது. இந்த இதழுக்கு வரும் கதைகளில் பூனை எப்போதும் 'சீறிப் பாய்கிறது'. நானும் ஆண்டுக்கணக்கில் அந்தத் தொடரை அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன். பாய நினைக்கும் பூனை சீறுவதில்லை. சீறுவது பெரும்பாலும் பயந்த பூனை. 'கிட்டே வராதே' என்பதுதான் அதன் பொருள். காதுகளைத் தலையோடு ஒட்டவைத்து, மேலுதட்டைத் தூக்கி, வளைந்த நாக்கின் மேலாகக் காற்றை வேகமாகத் தள்ளுகிறது. குரல்நாண்கள் அதில் அதிர்வதே இல்லை. அது வெறும் மூச்சு. துப்புவதுபோல் 'ப்ஃதூ' என்று தெறிக்கும் இன்னொரு ஒலியும் உண்டு; அதோடு முன்னங்கால் தரையில் அறையும். கண் சரியாகத் திறவாத குட்டிகூட, அறியாத வாசனை பட்டால் சீறும். அதைப் பார்த்தவர்கள் யாரும் சீறலை வீரத்தின் அடையாளமாக எழுத மாட்டார்கள்.

1944-இல் மில்ட்ரெட் மோல்க் என்ற உளவியலாளர் வீட்டுப் பூனையின் ஒலிகளை 16 வகையாகப் பிரித்து, வாயின் நிலையைக் கொண்டு அவற்றை மூன்று தொகுதிகளில் அடக்கினார்: வாயை மூடியபடி எழுபவை, திறந்து மூடும்போது எழுபவை, விறைப்பாகத் திறந்தே வைத்து எழுப்பப்படுபவை. 'மியாவ்' இரண்டாவது தொகுதி. உறுமலும் சீறலும் மூன்றாவது. வளர்ந்த பூனைகள் தமக்குள் 'மியாவ்' என்று பேசிக்கொள்வது மிக அரிது; அது பெரும்பாலும் நமக்காக வைத்திருக்கும் குரல். மதில்மேல் கேட்பது நம்மை நோக்கிய பேச்சே அன்று என்பதால்தான் அது நம் காதுக்கு அவ்வளவு அந்நியமாக ஒலிக்கிறது.

தண்ணீர் ஊற்றாதீர்கள், பயம்தான் கூடும். கையை நடுவில் நீட்டவே கூடாது. கொதித்துப்போன பூனை உங்களையே கடித்துவிடும். அதன் கோரைப்பல் ஆழமாக இறங்கி, மேல்தோல் மூடிக்கொண்டபின் உள்ளே சீழ் பிடிக்கும். அவசியமானால் பெரிய அட்டையொன்றை இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி, ஒன்றின் பார்வையிலிருந்து மற்றொன்றை மறையுங்கள். உங்கள் பூனைக்குக் கருத்தடை செய்திராவிட்டால் செய்துவிடுங்கள்.

ஊளை அறுந்து கிறீச்சென்ற அலறல் கேட்டால்தான் கடி விழுந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அதுவரை போகாது. ஒரு பூனை தலையைச் சற்றே திருப்பி, ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து, நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாதபடி விலகிப்போகும். மற்றது துரத்தாமல் பார்த்துக்கொண்டே இருக்கும்.