அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் பரணில் கிடைத்தது. ஓட வைக்கலாமா, இல்லை உள்ளே புது போர்டு மாற்றிக்கொள்ளலாமா?

ப்ளக்கில் சொருகாதீர்கள். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரையாவது சொருகாதீர்கள்.

மாடல் பெயரை நீங்கள் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பா வாங்கியது, பெரிய மானிட்டர், மஞ்சளாகிப்போன கேபினெட் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது 386 அல்லது 486 என்ற ப்ராசஸர் உள்ள ஒரு பிசியாக இருக்கும். அப்பா அதில் கணக்கு எழுதியிருப்பார், கடிதம் அடித்திருப்பார். அப்புறம் புது மெஷின் வந்ததும் இது பரணேறியிருக்கும். கேபினெட்டைக் கழற்றி மதர்போர்டைப் பாருங்கள். கீபோர்டு சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் நீலமாகவோ பச்சையாகவோ உருளை வடிவில் ஒரு பேட்டரி இருக்கலாம். நிக்கல் காட்மியம், 3.6 வோல்ட். மெஷின் அணைந்திருக்கும்போதும் தேதியும் செட்டிங்கும் மறக்காமல் இருக்க வைத்தது. இத்தனை வருஷத்தில் அது கசிந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு. கசிவது காரம். போர்டின் செம்பு டிராக்குகளை அரித்துக்கொண்டே போகும், கரண்ட் இல்லாவிட்டாலும் போகும். அதனால் முதல் வேலை அந்த பேட்டரியை வெட்டி எடுப்பது. பச்சை பூத்த இடத்தை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவுங்கள். மானிட்டரை மட்டும் திறக்கவே வேண்டாம். பிக்சர் டியூப் அணைத்த பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் பிடித்து வைத்திருக்கும், அனுபவம் இல்லாதவர்களுக்கான வேலை இல்லை அது.

"உள்ளே புது போர்டு மாற்றிக்கொள்ளலாமா" என்ற உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது. என் அனுபவத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

எனக்குத் தொழில் யுபிஎஸ் சர்வீஸ். பள்ளியில் படித்தபோது எங்களுக்கு வாய்த்த கம்ப்யூட்டர் பிபிசி மைக்ரோ. 1984-ல் மத்திய அரசு கிளாஸ் என்ற பெயரில் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்பிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நாடு முழுக்க முதலில் சுமார் 250 பள்ளிகள்தான். அவற்றுக்கு வந்தது இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜின் ஏக்கார்ன் நிறுவனம் வடிவமைத்த இந்த மெஷின். கறுப்பு கீபோர்டு, மேல்வரிசையில் சிவப்பு ஃபங்ஷன் கீ. செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையில் நின்று, ஒரு கீபோர்டுக்கு நாலு பேர் என்று உட்கார்ந்தோம். நான் அடித்த முதல் புரோகிராம் அதில்தான் ஓடியது.

பல வருஷம் கழித்து வடசென்னையில் ஒரு காயலான் கடையில் அதே மெஷினைப் பார்த்தேன். பழைய பிரிண்டர்களுக்கு அடியில் கிடந்தது. கடைக்காரர், "பிளாஸ்டிக் ஒரு ரேட்டு, போர்டு ஒரு ரேட்டு சார், பிரிச்சுத்தான் எடை போடுவோம்" என்றார். பிரிக்காமல் கொடுங்கள், போர்டு விலையே மொத்தத்துக்கும் தருகிறேன் என்று சொல்லி வாங்கி வந்தேன். மூடியைத் திறந்தால் பல்லி முட்டை, கரப்பான் எச்சம், அரை அங்குலத் தூசி. ஆனால் சிப் ஒன்றுகூடக் குறையவில்லை.

மனைவியின் தம்பி பக்கத்தில் நின்றுகொண்டு, "மாமா, ப்ளக்கைப் போட்டுப் பாருங்க, ஓடுனா ஓடட்டும்" என்று நச்சரித்தான். நான் முதலில் பவர் சப்ளை டப்பாவைத் திறந்தேன். காரணம் இருக்கிறது. அதன் மெயின்ஸ் வழியில் ரிஃபா நிறுவனத்தின் கெப்பாசிட்டர்கள் இரண்டு உண்டு. உள்ளே காகிதம், வெளியே தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி உறை. வருஷங்கள் போனால் அந்த உறை மயிரிழையாக வெடிக்கும், காற்றின் ஈரம் உள்ளே இறங்கும். அப்புறம் 230 வோல்ட் போட்டால் கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்கப் புகை, நாளெல்லாம் போகாத நாற்றம். நான் திறந்து பார்த்தபோது இரண்டுமே வெடித்திருந்தன. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதே அளவு எக்ஸ்2 வகை, அதாவது மெயின்ஸில் போடத் தகுந்த கெப்பாசிட்டர் ஒரு டீக்காசுக்குக் கிடைக்கும். மாற்றினேன். பிறகும் நேராகச் சொருகவில்லை, கரண்ட் அளவுக்கு மீறிப் பாயாமல் இருக்க வழியில் ஒரு பல்பை (சீரீஸ் லாம்ப்) போட்டு, மதர்போர்டைக் கழற்றி வைத்து, பதிலுக்கு ஒரு கார் பல்பை லோடாகக் கொடுத்து, 5 வோல்ட் நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் போர்டை இணைத்தேன்.

பிபிசி மைக்ரோ நல்லபடியாக எழுந்தால் தாழ்ந்த ஒரு ஒலி வந்து உடனே உயர்ந்த ஒரு பீப் கேட்கும். எனக்குத் தாழ்ந்த ஒலி மட்டும் நிற்காமல் வந்தது. சவுண்ட் சிப்புக்குக் கரண்ட் வந்துவிட்டது, அதை அடக்க வேண்டிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் இன்னும் கிளம்பவில்லை என்று அர்த்தம். சாக்கெட்டில் இருந்த சிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, கால்களைத் துடைத்து, திரும்ப அழுத்தினேன். பழைய மெஷின்களில் பாதி நோய் இதிலேயே தீரும். இதில் தீரவில்லை. அந்த போர்டில் 6522 என்ற சிப் இரண்டு இடத்தில் உண்டு. ஒன்று கீபோர்டையும் சவுண்டையும் பார்த்துக்கொள்வது, மற்றது பிரிண்டருக்கும், வெளிச்சாதனங்களை இணைக்கும் யூசர் போர்ட்டுக்கும். இரண்டையும் இடம் மாற்றினேன். டூ... பீப். திரையில் "பிபிசி கம்ப்யூட்டர் 32கே" என்று வந்தது. என் பையன் அதற்கு முன் நான் அப்படிச் சத்தம் போட்டுப் பார்த்ததில்லை.

கெட்டுப்போன 6522-க்கு மாற்று இன்றும் புதிதாகவே தயாராகிறது, அமெரிக்காவின் வெஸ்டர்ன் டிசைன் சென்டர் போடுகிறது. வாங்குபவர்கள் கவனிக்க: அதில் N வகை, S வகை என்று இரண்டு உண்டு. S வகையில் இன்டரப்ட் லைன் (ப்ராசஸரைக் கூப்பிடச் சிப் சைகை அனுப்பும் கம்பி) வேலை செய்யும் விதம் வேறு, பழைய போர்டில் மற்ற சிப்புகளோடு முட்டும். N வகைதான் இதற்கு ஒத்துவரும்.

சரி, மாற்றியமைக்கும் விஷயம். பழசில் எதையும் தொடக்கூடாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. என் பிபிசி மைக்ரோவில் ஃபிளாப்பி டிரைவ் கிடையாது. யூசர் போர்ட்டில் ஒரு எஸ்டி கார்டை இணைத்து, அதைப் படிக்கத் தேவையான மென்பொருளை ஒரு ஈப்ராமில் (அழித்து மறுபடி எழுதக்கூடிய மெமரி சிப்) எழுதி, போர்டில் காலியாக இருந்த ரோம் சாக்கெட்டில் வைத்திருக்கிறேன். படத்தை இன்றைய டிவியில் பார்க்க, ராஸ்பெர்ரி பை என்ற குட்டி கம்ப்யூட்டரை வைத்துச் செய்த எச்டிஎம்ஐ மாற்றி. ஆனால் ஒரு டிராக்கை வெட்டவில்லை, ஒரு துளை போடவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கினால் மெஷின் ஆலையிலிருந்து வந்த மாதிரி நிற்கும். எனக்கு எல்லை அதுதான். உள்ளே இருப்பதைத் தூக்கிப்போட்டு, கூட்டை மட்டும் வைத்து, புது போர்டைச் சொருகி "பழைய கம்ப்யூட்டர்" என்று படம் போடுகிறார்களே, அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. போர்டு செத்தே போய்விட்டது, டிராக்குகள் கரைந்துவிட்டன என்றால் செய்துகொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. ஓடக்கூடியதை அப்படிச் செய்யாதீர்கள். மஞ்சள் நிறத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கும், ஆனால் சில வருஷத்தில் திரும்ப மஞ்சளாவதும் உண்டு.

இதற்குக் கீழே "எமுலேட்டரிலேயே எல்லாம் ஓடுமே, எதற்கு இந்த வேலை" என்று யாராவது எழுதுவார்கள், தெரியும். பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கும் மென்பொருள்தான் எமுலேட்டர், நானும் வைத்திருக்கிறேன், நல்ல விஷயம்தான். ஆனால் அந்த எமுலேட்டர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒத்துப்பார்க்க நிஜ மெஷின் எங்காவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க்கில் உள்ள கம்ப்யூட்டர் அருங்காட்சியகத்தில், 1951-ல் ஓடத் தொடங்கிய ஹார்வெல் டெக்கட்ரான் என்ற கம்ப்யூட்டரைப் பழுது பார்த்து 2012-ல் மறுபடி ஓட வைத்தார்கள். அங்கே அதை யாரும் குப்பை என்று சொல்லவில்லை. உங்கள் மொபைலில் இருக்கும் ஆர்ம் சிப்பின் வேரும் இந்த பிபிசி மைக்ரோவில்தான். ஏக்கார்னில் வேலை செய்த சோஃபி வில்சன் அந்தச் சிப்பின் கட்டளைகளை இதன் பேசிக் மொழியில் எழுதித்தான் சோதித்தார். 1985 ஏப்ரலில் முதல் ஆர்ம் சிப் வந்தபோது அதை மாட்டிப் பார்த்ததும் இதே மெஷினில்தான். இதெல்லாம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்பதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு ஆன செலவில் அதிகம் போனது மல்டிமீட்டருக்கு, அது தொழிலுக்கும் வேண்டியதுதான்.

ஃபிளாப்பிகள் இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் டிஸ்க்கின்மேல் வெள்ளை வட்டமாகப் பூஞ்சை பிடித்திருக்கும். அதோடு டிரைவில் போட்டால் டிஸ்க்கும் போகும், ஹெட்டும் கெடும். ஹார்டு டிஸ்க்கை எதற்கும் முன்னால் முழுதாக நகலெடுத்துவிடுங்கள். 500 எம்பிக்குக் கீழான, ஐடிஇ என்ற அந்தக் கால இணைப்பு வகை டிஸ்க்குகள் பலவற்றை இன்றைய யுஎஸ்பி அடாப்டர்களுக்கு அடையாளம் தெரியாது. அப்போது ஐடிஇ போர்ட் உள்ள ஒரு பழைய பென்டியம் மெஷின்தான் கைகொடுக்கும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் கொட்டிவிடுகிறேன். என் சித்தப்பா எங்கள் ஊர்க் கோயிலின் வரலாற்றைத் தமிழில் அடித்து வைத்திருந்தார். டிஸ்க்கிலிருந்து கோப்பை மீட்டுவிட்டேன். திறந்தால் ஆங்கில எழுத்தும் கோடுகளுமாகக் குப்பை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஃபாண்ட் விற்பவரும் தனக்கென்று ஒரு குறியீடு வைத்திருந்தார்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாப், டாம் என்று தமிழ் எழுத்துகளுக்குப் பொதுக் குறியீட்டுத் தரம் வந்தது, பிறகு எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு நிலைத்தது. அதற்கு முன் அடித்தவற்றுக்கு யார் பொறுப்பு? சித்தப்பாவுக்கு மென்பொருள் விற்ற கடையைத் தேடிப் போனால் இழுத்து மூடியிருந்தது, எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியலை அவர்கள் வெளியிடவே இல்லை. காசு வாங்கிக்கொண்டு விற்றவர்கள் ஒரு பக்கப் பட்டியலை விட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாதா? ஒரு தலைமுறையின் எழுத்தை இப்படிப் பூட்டிவிட்டுப் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர் பிரிண்ட் எடுத்த சில பக்கங்கள் வீட்டில் இருந்ததால், அவற்றைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பட்டியலை நானே உண்டாக்கி, ஒரு சின்ன புரோகிராம் எழுதி யூனிகோடுக்கு மாற்றினேன்.

உங்கள் அப்பாவும் தமிழில் ஏதாவது அடித்திருக்கலாம். அதனால் கோப்புகளை மட்டும் நகலெடுத்துவிட்டு நிறுத்தாதீர்கள், ஃபாண்ட்களையும் சேர்த்து எடுங்கள். விண்டோஸ் 3.1 என்றால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம் என்ற ஃபோல்டரில் இருக்கும், விண்டோஸ் 95 என்றால் ஃபாண்ட்ஸ் என்றே தனி ஃபோல்டர். அந்த ஃபாண்ட் கையில் இருந்தால் கோப்பைப் படித்துவிடலாம்.