அம்மாவுக்காக வீட்டை மாற்ற பர்சனல் லோன் வாங்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. பக்கவாதம் வந்து வலது கை, கால் பலவீனம். வாக்கர் பிடித்து நடக்கிறார், வெளியே போக சக்கர நாற்காலி. குளியலறை, கழிப்பறை மாற்ற 1,40,000, வாசல் சாய்தளத்துக்கும் கதவுகளுக்கும் 80,000, வீடு முழுக்க வழுக்காத டைல்ஸ் போட 3,30,000 என்று மேஸ்திரி கணக்குக் கொடுத்தார். என் சம்பளம் 55,000, வீட்டுக்கடன் தவணை 18,000. வங்கியில் 15% வட்டிக்கு பர்சனல் லோன் தருகிறார்கள். அம்மா பெயரில் 4 லட்சம் எஃப்.டி. இருக்கிறது, முடிய ஐந்து மாதம் உண்டு. அதைத் தொட மனம் வரவில்லை. வரிச் சலுகை கிடைக்குமா? – கும்பகோணம் வாசகர்

பதில்: பர்சனல் லோன் வேண்டாம். 5,50,000 ரூபாயை ஐந்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 13,100 கட்ட வேண்டும், வட்டி மட்டுமே 2,35,000. வீட்டுத் தவணையும் சேர்ந்தால் 31,000 போய்விடும். மீதியில் மருந்து, பிசியோதெரபி, சாப்பாடு எல்லாவற்றையும் எப்படிச் சமாளிப்பீர்கள்?

முதலில் டைல்ஸை விடுங்கள். ஈரமில்லாத கூடத்தை உடைத்துப் போட வேண்டிய தேவையே இல்லை. ஆபத்து குளியலறையில்தான், அந்த வேலையை முதலில் முடியுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட், சொரசொரப்பான தரை, உட்கார்ந்து குளிக்க நாற்காலி போதும். கைப்பிடிக் கம்பியை அம்மாவின் இடது கை எட்டும் பக்கம் சுவரில் ஆழமாகப் பதிக்கச் சொல்லுங்கள், அந்தக் கைதானே தாங்கும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் சாய்தளம். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். அரையடி உயரத்தில் மூன்று படி என்றால் 18 அடி. இடமில்லை என்று செங்குத்தாகக் கட்டிவிட்டால் நாற்காலியைத் தள்ளவும் முடியாது, இறக்கவும் பயம். கொல்லை வாசல் தாழ்வாக இருந்தால் அங்கே கட்டுங்கள்.

ஆக, தேவை 2,20,000. அந்த எஃப்.டி. அம்மாவின் பணம், அம்மாவுக்கே ஆகப்போகிறது. கடைசிக் காலத்துக்கு என்று நாம் பொத்தி வைப்பதைவிட, இன்று அவர் பயமில்லாமல் குளிக்கப் பயன்படட்டும். அவரிடமே கேளுங்கள், தயங்காமல் சரி என்பார் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் டெபாசிட்டை உடைக்காதீர்கள். ஓடிய காலம் முழுவதற்கும் வட்டியைக் குறைத்துவிடுவார்கள். அதன் பேரிலேயே கடன் வாங்குங்கள். டெபாசிட் வட்டியைவிட பொதுவாக 1 முதல் 2% கூடுதல், அவ்வளவுதான். ஐந்து மாதத்துக்கு உங்கள் கைநஷ்டம் 2,000 ரூபாய்க்குள் அடங்கும். முடிந்ததும் கடனைக் கழித்தால் 1,80,000 சொச்சம் மிஞ்சும், அது சிகிச்சைக்கு. அம்மாவால் வங்கிக்குப் போக முடியாவிட்டால், மருத்துவச் சான்றைக் காட்டி வீட்டுக்கே வரச் சொல்லிக் கேளுங்கள். ரிசர்வ் வங்கியே அப்படிச் சொல்லியிருக்கிறது.

வரி விஷயம் சுருக்கமாக: மாற்றுத்திறனாளியான குடும்பத்தினரைப் பராமரிப்பவருக்கான 75,000 கழிவு (1961 வருமான வரிச் சட்டத்தில் 80டிடி பிரிவு) பழைய வரி முறையில்தான். உங்கள் ஆண்டுச் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது, அதனால் பழையதற்கு மாற வேண்டாம். ஆனாலும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவி உபகரணம் கேட்க அது வேண்டும்.

உடன்பிறந்தவர்கள் இருந்தால், எஃப்.டி.யைத் தொடும் முன்பே அம்மாவின் முன்னிலையில் சொல்லிவிடுங்கள். மேஸ்திரியின் ரசீதுகளையும் பத்திரமாக வையுங்கள்.